முளைக்காத பல்

என் பேர்த்திக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஏழு வயதில் விழுந்தன. ஊர் வழக்கப்படி இரண்டையும் ஓட்டின்மேல் எறிந்தாள். வலப்புறத்துப் பல் சில மாதங்களில் முளைத்தது. இடப்புறமோ, ஒன்பது வயது நிரம்பியும் வெற்றிடமாகவே இருந்தது. ஆரணியில் எங்கள் தெரு தறிக்காரர் தெரு. பிள்ளைகள் அவளை ‘இழை அறுந்தவள்’ என்று கேலி பேசினர். அவள் வாயைக் கையால் பொத்திச் சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

மருத்துவரிடம் காட்டலாம் என்று மகள் இருமுறை கேட்டாள். “வராமல் எங்கே போகும்? பொறுமையாயிரு” என்று இருமுறையும் தடுத்தவன் நான்தான்.

அந்நாட்களில் மாணவர் சிலருக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பால்பல் விழாத பிள்ளையின் பல்லை ஒருவன் பிடுங்கிவிட்டால் சட்டம் என்ன? ஒரு பல்லுக்கு ஐந்து ஒட்டகம் நட்டஈடு வகுத்த சட்டம் அது. எனினும் இங்கே உடனே தீர்ப்பில்லை. மீண்டும் முளைக்கக்கூடுமாதலால் காத்திருக்க வேண்டும். எதுவரை? மற்றப் பற்கள் விழுந்து முளைத்து, அது மட்டும் வராதிருந்தால், விவரமறிந்தோரைக் கேட்க வேண்டும். முளைக்குமிடம் கெட்டுவிட்டதா என்பதை அவர்களே சொல்ல வேண்டும். பல்லாண்டுகளாக ஓதிக்கொடுத்த பாடந்தான். அன்று ஓதும்போது நாக்குத் தடுமாறியது. ஹிஜ்ரி 676இல் மறைந்த பேரறிஞர் காத்திருப்புக்கு எல்லை வகுத்திருக்க, நானோ எல்லையற்ற பொறுமையை மகள்மீது சுமத்தியிருந்தேன்.

வேலூர்ப் பல் மருத்துவர் கேட்டதும் அதே கேள்விதான்: “ஜோடிப் பல் வந்து எத்தனை மாதமாயிற்று?” ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டுமாம். படத்தில் பல் இருந்தது. அதன் வழியை மறித்து ஒரு மிகைப்பல் குறுக்கே கிடந்தது. அதை அகற்றினால் பெரும்பாலும் தானே இறங்கும். இறங்காவிட்டால் கம்பி கட்டி இழுக்கலாம். தாமதித்தால் அண்டைப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். எல்லாப் பற்களுமே சற்றுத் தாமதித்து வருவது சில குடும்பங்களின் வாகு. தைராய்டுக் குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை ஆகியவையும் தாமதப்படுத்தும். சிலருக்குப் பல்லின் அரும்பே இருப்பதில்லை என்றார்.

2019இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 சிறு பற்கள் அடங்கிய கட்டியை அகற்றிய செய்தியை வாசகர்கள் படித்திருப்பீர்கள். அவனது மூன்று வயதிலேயே வீக்கம் தெரிந்ததாம். அத்தகைய கட்டிகளும் நிலைப்பற்களின் வழியை மறிப்பவையே. அது அரிதினும் அரிது. ஒற்றை மிகைப்பல் அத்தனை அரிதன்று.

பேர்த்தியின் மிகைப்பல்லை எடுத்துச் சிறு புட்டியிலிட்டுத் தந்தார்கள். வீடு வந்ததும், “இதையும் ஓட்டின்மேல் எறிகிறாயா?” என்றேன்.

“வேண்டாம் நன்னா. இதைப்போலவே இன்னொன்று வந்துவிட்டால்?” என்றாள், வாயைப் பொத்தாமல்.