காலி டேங்க்

2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு ஆனது. ஜாசினில் ஓர் ஒட்டுக்கடையில் யாரோ இந்தச் செய்தியை உரக்கப் படிக்க, நண்பர் சலித்துக்கொண்டார்: "எவ்வளவு குறைஞ்சா என்ன, எனக்குப் பாதி ரோட்டுல ஒழுகுது." அவருடையது பழைய புரோட்டோன் சாகா, 1985இல் வெளிவந்த முதல் ரகம். டேங்க் கசிகிற இடத்தில் கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். சவர்க்காரம் பெட்ரோலில் கரையாது, தண்ணீரில் கரைந்துவிடும். மலாக்காவில் மழைக்கா பஞ்சம்?

டேங்கை ஒட்டக் கொண்டுபோனபோது அவரோடு நானும் போனேன். மெர்லிமாவ் சாலையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. டேங்கும் ரேடியேட்டரும் ஒட்டுவதுதான் அங்கே தொழில். ஒட்டுகிற அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில், இவர் தோட்டத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். டிராக்டர் டேங்கைக் கழுவுவதுதான் முதல் வேலை. ஒட்டும் வேலையைச் சீன ஃபோர்மன் லேசில் கையில் கொடுக்கவில்லை. "வருசக்கணக்கா கழுவிக்கிட்டேதான் இருந்தேன் தம்பி. அப்ப கோபம் வந்துச்சு. அவர் சொல்லிக் குடுத்ததே அதைத்தான்னு பின்னாலதான் புரிஞ்சுது."

டேங்கை வண்டியிலிருந்து இறக்கியது, மிதவையைக் கழற்றியது எல்லாம் எனக்குப் பிடிபடவில்லை. இறக்கியபின், டேங்கைத் தாங்கும் பட்டி இருந்த இடத்தைக் காட்டினார். பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே தோட்டத்துச் செம்மண் சேறு அப்பியிருந்தது. ஈரம் அங்கேயே தங்கித் தகட்டை அரித்திருக்கிறது. விரலால் சுரண்டினார், துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"நெறைஞ்ச டேங்குக்கு நான் அவ்வளவா பயப்பட மாட்டேன். காலி டேங்குதான் ஆளைக் கொல்லும்" என்றார். கணக்கு அவர் பக்கம்தான். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவிக்கும் காற்றுக்கும் இடம் குறைவு. வடித்துவிட்ட டேங்கில் இடமும் உண்டு, மடிப்புகளில் ஒட்டிய பெட்ரோலும் உண்டு. காற்றைவிடக் கனமான ஆவி, தானாக வெளியேறாமல் அடியிலேயே படுத்துக்கிடக்கும். மோந்து பார்த்து முடிவு செய்யலாமா என்று கேட்டேன். "மூக்கு பழகிப்போகும், நம்பக்கூடாது."

அதனால் கழுவுகிறார். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரை ஊற்றி, உள்ளே ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டுக் குலுக்குகிறார். கறுப்புத் தண்ணீர் வருகிறது. மறுபடி வெந்நீர், மறுபடி குலுக்கல். அரைநாள் இப்படியே போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கொட்டாவி. கடைசியில் ஓட்டை மேலே வரும்படி டேங்கைச் சாய்த்து, அதற்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பினார். ஆவிக்கு இடமே கொடுக்கக்கூடாது, வாயையும் மூடக்கூடாது.

பிறகுதான் செப்புக் கோல். ஒரு முழ இரும்புத் தண்டின் நுனியில் கோடரி மாதிரிச் செப்புக் கட்டி. தோட்டத்துப் பட்டறையை மூடியபோது கேட்டு வாங்கி வந்தது. அடுப்பு கொட்டகையின் மறுகோடியில் இருக்கிறது. நெருப்பு டேங்கிடம் வராது. செம்புதான் சூட்டைச் சுமந்து வரும். தேய்த்துப் பளபளப்பாக்கிய தகட்டில் திராவகம் தடவி, கோலை வைத்து ஈயக் கம்பியைத் தொட்டார். ஈயம் உருகி, தகட்டில் பரவி, ஓரத்தில் மெல்லிசாகப் படிந்தது. சில நிமிட வேலை.

இந்தச் சில நிமிடத்துக்குத்தான் கூலி என்று நினைப்பவர்கள் உண்டு. பெரிய பட்டறைக்காரர்கள் டேங்கை இவரிடம் கொடுத்து ஒட்டி வாங்குகிறார்கள். வண்டிக்காரரிடம் இவருக்குக் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு கறக்கிறார்கள். லாபம் வைக்கட்டும், அது வியாபாரம். ஆனால் காலையில் கொடுத்ததை மதியமே கேட்பது என்ன நியாயம்? குறைக்க முடிந்தது கழுவுகிற நேரம் ஒன்றுதான். அதைக் குறைத்தால் போவது இவருடைய கையோ கண்ணோ. வெடித்தால் பட்டறைத் தவுக்கேக்கு ஒரு டேங்க் நட்டம், அவ்வளவே. பட்டறைப் பெயர்ப்பலகையில் இவர் பெயர்கூடக் கிடையாது.

புதுக் கார்கள் பலவற்றில் பிளாஸ்டிக் டேங்க். அதில் ஈயம் பிடிக்காது; வந்தால், மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

நண்பருக்கு எழுதிய பில்லில் இரண்டு வரி இருந்தது: கழுவிய கூலி, ஒட்டிய கூலி. கழுவியதற்குத்தான் அதிகம். பட்டறைக்காரர்களுக்கும் இப்படித்தான் எழுதுகிறாராம். அவர்கள் பேரம் பேசுவதும் அந்த முதல் வரியில்தான்.