நெய்வேலியில் பார்த்த கரண்ட்

பண்ருட்டியைத் தாண்டியதுமே சாலையின் இரு புறமும் முந்திரிக் காடுதான். நாத்தனார் பெண்ணின் வளைகாப்புக்காக நெய்வேலி போயிருந்தேன். நிலக்கரி ஊர் என்றால் புகையும் கரியுமாக இருக்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? உள்ளே நுழைந்தால் அத்தனை நிழல்! தெருக்களை வட்டம் வட்டமாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மாவும் பலாவும். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் நாத்தனார் கணவர், "கரண்ட் எங்கேருந்து வருதுன்னு பார்க்கறியாம்மா?" என்று அனுமதி வாங்கி, எங்களைச் சுரங்கத்தின் விளிம்புக்கே அழைத்துப் போனார்.

அம்மாடி! கண்ணுக்கெட்டிய தூரம் பூமி திறந்து கிடக்கிறது. மேலே செம்மண், கீழே வெளிறிய களிமண், எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பும் பழுப்புமாகக் கரி. ராட்சதச் சக்கரம் ஒன்று, சுற்றிலும் வாளிகளைக் கட்டிக்கொண்டு மண்ணைச் சுரண்டுகிறது. பக்கத்தில் நின்ற ஜீப் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது வந்த கறுப்புப் பொருளில் ஆரம்பித்த கதையாம் இது. 1962-ல் இங்கே மின்சார உற்பத்தி தொடங்கியது.

"ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி எரிக்கணும்மா. இந்தக் கரியில பாதி ஈரம்தான்" என்றார் அண்ணா. ஒரு டன் கரி எடுக்க ஐந்தரை கன மீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டுமாம். நான் அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீட்டுக்கு எல்லாமே இங்கிருந்து வருவதானால், 400 கிலோ கரி, இரண்டு கன மீட்டருக்கு மேல் மண், 400 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு. மீட்டர் அட்டையில் இதெல்லாம் எழுதியிருப்பதில்லையே!

தண்ணீர்க் கதை தனி. கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைக்காமல் விட்டால் தரையைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் வந்துவிடுமாம். அதனால் ராப்பகலாக மோட்டார் ஓடுகிறது. இந்தத் தண்ணீர் சென்னைக்குக் குடிநீராகக்கூடப் போயிருக்கிறது. வளைகாப்புக்கு வந்த ஒரு பாட்டியம்மா சொன்னார்: "எங்க காலத்துல குழாயை இறக்கினா மோட்டாரே வேணாம் கண்ணு, தண்ணி தானாப் பொங்கும்." அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் இருந்த இடமே இப்போது சுரங்கம்.

தோண்டி முடித்த இடத்தில் மண்ணைக் கொட்டி மரம் வைத்திருக்கிறார்கள், பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் நெல் விளைந்த வயல் வயல்தானே? 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

நம் வீட்டுக்கு வருவது நெய்வேலி கரண்ட் மட்டுமல்ல. குந்தாவின் தண்ணீர், முப்பந்தல் காற்று, கூடங்குளத்து அணு, தூத்துக்குடி நிலக்கரி, கமுதி வெயில் எல்லாம் சொசைட்டி பால் மாதிரி ஒரே கேனில் கலந்துதான் வருகிறது. இது யார் வீட்டுப் பால் என்று பிரிக்க முடியாது. ஆனால் எந்த நேரத்தில் எது அதிகம் என்று சொல்லலாம். பகலில் வெயில் கரண்ட் தாராளம். வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்றாலை சுழலும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெயில் போய்விடும்; அப்போது பார்த்து ஊரே சுவிட்சைத் தட்டும். கரிதான் ஈடுகொடுக்கும்.

அதனால் மாவு அரைப்பது, வாஷிங் மெஷின், இஸ்திரி, தண்ணி மோட்டார் எல்லாவற்றையும் பகல் பத்திலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிடுகிறேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமைதான் சாத்தியம், அது தெரிகிறது.

பில்லும் குறைய வேண்டுமானால் ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடுகிறது. தினம் பத்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். நெய்வேலிக் கணக்கில் 27 கிலோ கரி. எங்கள் வீட்டில் இரண்டு ஃபேனை மாற்றியாயிற்று. நாத்தனார் வீட்டுக் கூடத்தில் இன்னும் பழசுதான் கடகடக்கிறது. "நீ கரிக்குப் பக்கத்துலேயே இருக்கேங்கறதுக்காக இப்படியா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.