நாலு வருஷம் கழிச்சு?



"பிளஸ் டூ முடிச்சுட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இன்ஜினியரிங் என்பார்கள். சிலர் நம்ம ஊர் செராமிக் டிப்ளமோ என்பார்கள். நான் மிலிட்டரி என்பேன். உடனே எல்லாரும் சல்யூட் அடிப்பார்கள். சல்யூட் அடிப்பது சுலபம். அதற்கு எப்படித் தயாராவது என்று பலருக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

2022 ஜூனில் மத்திய அரசு அக்னிபாத் திட்டத்தை அறிவித்தது. அதில் சேருகிறவர்கள் அக்னிவீரர்கள். பதினேழரை வயது ஆகியிருக்க வேண்டும். ஜெனரல் டியூட்டி பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் வேண்டும். 2023 முதல் கம்ப்யூட்டர் தேர்வுதான் முதலில். அதில் பாஸானவர்களுக்குத்தான் ஓட்டம்.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழுசா 60 மார்க். 400 மீட்டர் தடத்தில் நாலு சுற்று. சுற்றுக்கு 82 விநாடி சொச்சம்தான். ஜூன் மாசம் எனக்கு 6 நிமிஷம் 50 விநாடி ஆச்சு. இப்போ 5 நிமிஷம் 48. பாக்கி 18 விநாடிதான், ஆனா அதுதான் உயிரை வாங்குது! பீம் 10 எடுத்தால் 40 மார்க். நான் ஏழில் நிற்கிறேன். ஒன்பது அடிப் பள்ளத்தையும் தாண்டணும்.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். எங்க அம்மா கேட்ட கேள்விதான் கஷ்டம். அம்மா பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுறாங்க. "நாலு வருஷம்தானாமே, அப்புறம் என்னடா பண்ணுவ?" என்றாங்க.

உண்மைதான். ஒரு பேட்ச்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று அறிவித்தார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி நம்ம சம்பளத்தில் பிடித்ததுதான். பென்ஷன் கிடையாது. எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"சூளையில வைக்கிற எல்லாப் பொம்மையும் நல்லா வராதுடா" என்றாங்க.

"வெந்த மண்ணு மறுபடி களிமண்ணா ஆகாதும்மா" என்றேன்.

அம்மா சிரிச்சாங்க. சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஒரு கண்டிஷன் மட்டும் போட்டாங்க. பிளஸ் டூ மார்க் குறையக் கூடாது. 22 வயசில் திரும்பி வந்தால் அந்த மார்க் ஷீட்தான் கை கொடுக்குமாம். அதனால் காலையில் ஓட்டம், ராத்திரியில் பாடம் என்று இரண்டையும் விடாமல் செய்கிறேன்.

சேர ஆசைப்படும் தம்பிகளே! ஆதாரிலும் பத்தாம் வகுப்பு சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாருங்க. "சேர்த்து விடறேன்" என்று பணம் கேட்பவர்களை நம்பாதீங்க. வீட்டில் அக்கா, தங்கை இருந்தால் ராணுவக் காவல் பிரிவில் பெண்களும் சேரலாம் என்று சொல்லுங்க.

காலை ஐந்தரைக்கு கிரவுண்டுக்கு வாங்க. கடைசிச் சுற்றில் பக்கத்தில் ஒருத்தர் ஓடினால் ரெண்டு விநாடியாவது குறையும்.

ஜெய்ஹிந்த்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், விருத்தாசலம்