மதுரையின் இசையும் ஒரு தலைப்பெழுத்தும்

எங்கள் நாயுடுபுரத்தில் பாட்டு என்றால் வானொலிதான். மலையிறங்கினால் மாநகர் மதுரை. சென்ற நூற்றாண்டில் அவ்வூரின் பெயரைச் சுமந்தே மணி ஐயரும் சோமுவும் மேடையேறினர். 1922இல் அங்கே பிறந்த டி.எம்.சௌந்தரராஜன் 1950இல் வெளிவந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அறிமுகமானார். அவர் குரலை அறியாதார் யார்?

ஆயினும் என் நெஞ்சில் நின்றது, 1916இல் அங்கே பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியின் தலைப்பெழுத்து. ‘எம்’ மதுரை; ‘எஸ்’ சண்முகவடிவு, வீணை வாசித்த தாயின் பெயர்! 1936இல் சென்னைக்குச் சென்ற பின்னும், 1966இல் ஐ.நா. சபையில் பாடியபோதும், 1998இல் பாரத ரத்னா பெற்றபோதும் அப்பெயர் மகளுடனேயே இருந்தது. தேவதாசி மரபில் வந்தோர்க்கு அது வழக்கம். ஊரார் அதை இழிவாகப் பார்த்த காலமும் உண்டு. எனக்கோ பெருமையாகவே படுகிறது.

என்னைப் படிக்க வைப்பவர் அம்மா. காரட் தோட்டத்தில் கூலி வேலை. கல்லூரிப் பதிவேட்டில் என் பெயருக்கு முன் நிற்பதோ, முகமே நினைவில்லாத அப்பாவின் எழுத்து.

ஒரு மாலை வானொலியில் எம்.எஸ். பாடினார். ‘எஸ்’ யாரென்று சொன்னேன். பூண்டு உரித்த கை நின்றது.

“அவங்க அம்மா பேரா?”

“ஆமாம்மா.”

“படிச்சவங்களா?”

“வீணை வாசிச்சவங்க.”

சற்றுப் பொறுத்து, “சத்தத்தக் கூட்டி வை” என்றார்.