வாரண்ட் இருக்கிறதா? நீங்களே பார்க்கலாம்

"உங்க மேல வாரண்ட் இருக்கு" என்று போனில் யாராவது மிரட்டினால் பதறாதீர்கள். நீதிமன்ற வழக்கு விவரங்கள் கிடைக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர், வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண் என எதை வைத்தும் தேடலாம், கட்டணம் இல்லை. முருகன் என்று தேடினால் ஊர்ப்பட்ட முருகன்கள் வருவார்கள். பெயர் ஒத்துப்போவதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது பெரும்பாவம். வழக்கு எண்ணைச் சரிபாருங்கள்.

எனக்கு அதிகம் உறைத்தது இதுதான்: பிடிவாரண்டுக்குக் காலாவதி கிடையாது. நிறைவேற்றப்படும்வரை அல்லது நீதிமன்றம் ரத்து செய்யும்வரை உயிரோடு இருக்கும். வாய்தாவுக்குப் போகாமல் விட்ட பழைய செக் கேஸ்கூட திடீரென வீட்டுக் கதவைத் தட்டலாம்.

தளத்தில் எல்லாமே ஏறியிருக்காது. சந்தேகமிருந்தால் நீதிமன்ற அலுவலகத்தில் விசாரியுங்கள். வாரண்ட் இருந்தால் ஒளியாதீர்கள்; வக்கீலோடு நேரில் நீதிமன்றம் போய், வாரண்டை ரத்து செய்யக் கோரும் ரீகால் மனு போடுங்கள்.