முறை வைத்த தண்ணீர்

திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தீவு என்றால் அந்தமான்தான். அங்கே வேலைக்குப் போன ஒரு சித்தப்பாவோ மாமாவோ பல வீடுகளில் உண்டு. செல்லுலர் சிறை, பவளப்பாறை, அடர்காடு என்று கதை கேட்டு வளர்ந்த நாங்கள், எண்ணூர் முகத்துவாரத்துக்கு அக்கரையில் கிடக்கும் காட்டுப்பள்ளியைத் தீவுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

கிழக்கே வங்கக்கடல், மேற்கே கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நீளமான மணல்திட்டு அது. மீஞ்சூர், அத்திப்பட்டு வழியாகச் சாலையில் போனால் தீவுக்குள் நுழைந்ததே தெரியாது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், கன்டெய்னர் லாரிகள், 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. மீதி இடமெல்லாம் மதில்சுவர். தீவு கண்ணில் பட வேண்டுமானால் படகில்தான் போக வேண்டும்.

காட்டுக்குப்பத்து மீனவ அண்ணன் ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். அலையாத்திச் செடிகளின் ஓரம் மடவை துள்ளியது. கூழைக்கடா ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் மிதந்தது. குளிர்காலத்தில் வந்தால் பூநாரையும் பார்க்கலாம் என்றார். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து இருளர்கள் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, விரல்தான். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வதால் பேச்சும் கிடையாது.

எனக்கு வெறும் ஆறாகத் தெரிந்த தண்ணீர் முழுக்க, அண்ணனுக்கு எல்லை தெரியும். பாடு என்று ஓர் ஏற்பாடு. எந்த இடத்தில் இன்று யார் வலை கட்டலாம், நாளை யார் என்று குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. சுற்றிச் சுற்றி வரும். இதைப் புகழ்ந்துகொண்டே போகலாம், ஆனால் பாடு பெரும்பாலும் பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் குப்பங்களுடைய ஏற்பாடு. அந்த இருளர்களுக்கு அதில் முறை இல்லை. அவர்கள் கைக்கு எட்டியதைத் தடவி எடுக்க வேண்டியதுதான்.

இப்போது கைக்கு எட்டுவது பல இடங்களில் காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி, கப்பல்கள் சுமந்துவரும் நிலைப்புநீரோடு வந்திருக்கும் என்கிறார்கள். அடிமண்ணில் கம்பளமாகப் படர்ந்து, இறால் புதையவும் மஞ்சள் மட்டி வளரவும் இடமில்லாமல் செய்துவிட்டது. துழாவுகிற விரலையும் கிழிக்கிறது. போதாக்குறைக்கு அனல்மின் நிலையச் சாம்பல். குழாய் கசிந்து கசிந்து ஆற்றின் ஆழமே குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் வந்து படகு, வலை, பறவை எல்லாவற்றின் மேலும் அப்பிக்கொண்டது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. இத்தகைய வரைபடங்களில் ஆறு நீல நிறத்தில் காலியாக இருக்கும். பாடு முறைக்கு அதில் நிறம் ஏது?

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நெலத்துக்குப் பட்டா இருந்தா நஷ்டஈடு கேக்கலாம் தம்பி. என் மொறை நாளுக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுக்குறது?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள், "வத்தம் ஆரம்பிச்சிடுச்சு, கெளம்புவோம். சாம்பல்ல தட்டுச்சுன்னா நீதான் எறங்கித் தள்ளணும்" என்று கழியை ஊன்றினார்.