பல்லாவரம் சந்தையில் 500 ரூபாய்

மாம்பலத்திலிருந்து பல்லாவரத்துக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய். சட்டைப் பையில் தனியாக 500 ரூபாய், எல்லாம் சில்லறை நோட்டு. ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு பேண்ட், இரண்டு சட்டை, முடிந்தால் மார்கழிக்கு ஒரு ஸ்வெட்டர். இவ்வளவும் அந்தப் பணத்துக்குள் தேறுமா என்று பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கூடும் சந்தை இது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். பழைய டிரங்க் ரோட்டில் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறியது கருவாடு. அப்புறம் ரோஜாத் தொட்டிகள், கூண்டுக்குள் லவ் பேர்ட்ஸ், ரிமோட் இல்லாத டிவி, டிவி இல்லாத ரிமோட். ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் தாழப் பறக்கும்போது பேரம் பாதியில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். பழைய சாமானுக்கு இந்த ஊர் அப்போதே பேர் வாங்கிவிட்டது.

துணிக்காரர்கள் ரோட்டோரமாகத் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். குவித்துப் போட்டது எதை எடுத்தாலும் 50. இஸ்திரி போட்டு அடுக்கியது 80, 100. ஹேங்கரில் தொங்கினால் 150-க்குக் குறைந்து பேச்சே இல்லை. குவியலிலும் அடுக்கிலும் ஒரே மாதிரி நீலக் கட்டம் போட்ட சட்டை கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குவியலில் இருந்ததுதான் சாயம் போகாமல் இருந்தது. மிச்ச 30 ரூபாய் இஸ்திரிப் பெட்டிக்கு.

குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

“எடுத்துக்கண்ணா, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். ஒரு வாட்டி கூட உடம்புல ஏறாதது.”

காலரைத் திருப்பினேன். உள்பக்கம் மடிப்பில் சலவைக் கடையில் போடுகிற அழியாத மைக்குறி, இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும். அவரிடம் காட்டினேன். கொஞ்சமும் அசரவில்லை. “அதனாலதாண்ணா அம்பது. இல்லன்னா ஐந்நூறு சொல்ல மாட்டேனா?”

அதற்குமேல் அவர் ஒளிக்கவில்லை. தெருத்தெருவாகப் போய் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றாக வாங்கின துணிதான் பாதிக்கு மேல். கிழிந்ததைத் தைத்து, பட்டன் போனதற்குப் பட்டன் வைத்து இங்கே கொண்டுவருகிறார்கள். சட்டையாகத் தேறாத பருத்தி, வேஸ்ட் துணியாகக் கிலோ கணக்கில் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விடும். அவர் தைத்த இடங்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு சட்டையில் ஏழு பட்டனும் ஒரே வெள்ளை. ஆனால் மூன்றாவதற்கு மட்டும் இரண்டு ஓட்டை, மற்றதற்கெல்லாம் நான்கு.

சட்டையில் நான் பார்த்தது அக்குள், காலர் மடிப்பு, முழங்கை. முழங்கையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் நூல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். மடித்து அடுக்கிய சட்டையில் இந்த மூன்றுமே உள்ளே போய்விடுகின்றன. அதனால்தானோ என்னவோ, பிரிக்கப் போனாலே அடுக்குக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். குவியலிலேயே இரண்டு எடுத்தேன். 100 கேட்டதற்கு 90 கொடுத்தேன்.

பேண்ட்டைப் போட்டுப் பார்க்க மறைவு எதுவும் கிடையாது. எல்லோரும் செய்வதைப் போல பட்டனைப் போட்டு இடுப்புப் பட்டியைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தேன். இரண்டு முனையும் பின்கழுத்தில் தொட்டன. ஜிப்பை நான்கைந்து தடவை ஏற்றி இறக்கினேன். தொடைச்சந்துத் தையல் புது நூல் இல்லை, பழசு. ஒருபோதும் விடவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் 150 சொன்னார், 120-க்கு முடிந்தது.

ஸ்வெட்டர் கடை கொஞ்சம் தள்ளி. சென்னை வெயிலில் பஞ்சு வைத்த ஜாக்கெட்டுகள் மலையாகக் கிடக்க, அந்துருண்டை வாசனை பத்தடிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கடைப் பையனும் “திருப்பூர் சரக்குண்ணே” என்றான். நிஜமான திருப்பூர் சர்ப்ளஸில் பெரும்பாலும் பிராண்ட் லேபிளைக் கத்தரித்திருப்பார்கள், இல்லை குறுக்கே மையால் கோடு போட்டிருப்பார்கள். இவன் கையில் இருந்த ஜாக்கெட்டில் லேபிள் முழுசாக இருந்தது. பக்கவாட்டுத் தையலில் இருந்த இன்னொரு பட்டியில் கொரிய எழுத்து, கீழே ஆங்கிலத்தில் ‘மேட் இன் வியட்நாம்’. பாக்கெட்டுக்குள் கசங்கிய கொரியத் துண்டுச்சீட்டு வேறு.

உடுத்திய துணியை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இதைத் தரம் பிரித்து மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆலைகள் இருக்கின்றன. பானிபட்டில் பழைய கம்பளியைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். இந்த ஜாக்கெட் பல்லாவரத்துக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்டால், “பேல் பேலா வரும்ணே, நாங்க பிரிச்சு விக்கிறதோட சரி” என்கிறான். ஜாக்கெட்டை வைத்துவிட்டு, கையில்லாத சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று எடுத்தேன். பூச்சி அரித்த ஓட்டை இல்லை, கீழ்ப்பட்டி தொளதொளக்கவில்லை. 130.

ஆக 340. ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் மரத்தடியில் தையல் மிஷின் போட்டிருந்த பெரியவரிடம் பேண்ட்டைக் கொடுத்தேன். கால் இரண்டு விரற்கடை குட்டை, மடிப்பில் துணி இருக்கிறதா பாருங்கள் என்றேன். பிரித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மடிப்புக்குள் இன்னொரு பழைய மடிப்பின் கோடு, அதன் ஓரத்தில் வேறு நிற நூல். “உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் போட்டிருக்காங்க சார். முதல் ஆள் உங்க உயரம்தான்” என்றார். அந்த முதல் கோட்டிலேயே வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு 40 ரூபாய் வாங்கிக்கொண்டார்.